சீட்டு யார் கைக்குப் போகிறது?

வணக்கம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றாலே சர்க்கரையா, ரத்தக்கொதிப்பா என்று கேட்டுப் பழகிவிட்டோம். இரண்டும் இல்லாத, நாற்பதுகூட ஆகாத ஆளாக இருந்தால்? 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். நான் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். கேட்டதால் வந்த நன்மையும் தெரியும், வினையும் தெரியும்.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் ரத்தப் பரிசோதனை முகாம். பங்குனி வெயில், கீழே உப்பு, கண்ணைத் திறக்க முடியாது. உப்பு வாரும் ஓர் அம்மா கையை நீட்டிவிட்டு, ஊசி குத்துவதற்குள் இழுத்துக்கொண்டார். ஊசிக்குப் பயம் என்று நினைத்தேன்.

"அதுக்கில்ல டாக்டரம்மா, இந்தச் சீட்டு கணக்கப்பிள்ளை கைக்குப் போயிராதுல்லா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முகாமுக்கு இடம் கொடுத்ததே அளத்துக்காரர்கள்தான். அவர்கள் பரிசோதனைச் சீட்டைக் கேட்டால் என்ன செய்வது என்று நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. ரத்தம் எடுக்காமல் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். அதிலும் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். "குடிச்சா ஒதுங்கணும்லா, எங்க போக?" சுற்றிப் பார்த்தேன், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மறைப்பு இல்லை. நான் ரத்தத்தில் தேடப் போனதில் பாதி அந்த டம்ளரிலேயே இருந்தது.

அவருடைய பயம் வீண்பயம் இல்லை. நிகரகுவா நாட்டில் சிச்சிகல்பா என்று ஓர் ஊர், சுற்றிலும் கரும்பு. வெட்டுகிற ஆண்கள் இளவயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்ததால், அங்கே ஒரு குடியிருப்புக்கு விதவைகளின் தீவு என்றே பெயர் வந்துவிட்டது. வெட்டு தொடங்குமுன் ஆட்களுக்குக் கிரியாட்டினின் பார்ப்பார்கள்; சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும். கூடியிருந்தால் வேலை இல்லை. வேலை போனவர் வீட்டிலா உட்காருவார்? அடுத்தவர் பெயரில், ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, அதே வெயிலில் வெட்டியவர்கள் உண்டு.

இன்னொன்று. வெயிலில் வேலை செய்த கையோடு ரத்தம் எடுத்தால், உடம்பில் நீர் வற்றியே கிரியாட்டினின் ஏறியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்காமல் நாள்பட்ட நோய் என்று சொல்லிவிடக் கூடாது. ஒரே ஒரு சீட்டில் ஒருவர் பிழைப்பு போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அந்தச் சீட்டு யார் கைக்குப் போகிறது?

அப்படியானால் சோதிக்கவே வேண்டாமா? ஐயோ, அப்படிச் சொல்லவில்லை. இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, சோதித்தால்தான் தெரியும். நிகரகுவாவில் ஆராய்ந்ததால்தான் சந்தேகம் வெயில், நீரிழப்பு, ஓயாத உழைப்பு என்ற பக்கம் திரும்பியது. முழுக் காரணம் தெரியட்டும் என்று காத்திராமல் நிழல், தண்ணீர், ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டுகிறவர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

நாங்களும் மறுவருடம் முகாமை அளத்துக்கு வெளியே, ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தோம். சீட்டு அவரவர் கையில். அந்த அம்மா வந்தார், கூட இரண்டு பேரையும் கூட்டிவந்தார்.

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இதே மாதிரி சிறுநீரகம் கெட்ட, இலங்கையின் அநுராதபுரத்து உழவர்களைப் பற்றிச் சொல்லத்தான் குறிப்பே எழுதி வந்தேன். சரி, சுருக்கமாக: அங்கே களைக்கொல்லி மேல் சந்தேகம் விழுந்து, 2015-இல் இலங்கை அரசு கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. காரணம் உறுதியாகுமுன்பே தடை வந்தது சரியா என்று அங்கே பெரிய சண்டை. அதை இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.