எலி காட்டும் எச்சரிக்கை போதும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நானோ துகளை, அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகளை, விழுங்கிய ஆய்வக எலிகளுக்கு வரும் கோளாறு மனிதனுக்கு எச்சரிக்கையா, இல்லையா? எச்சரிக்கையே என்கிறது எங்கள் அணி. எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். எலிக்குக் கொடுக்கும் அளவு மலைபோன்றது. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. விழுங்கியது மலத்தோடு போய்விடும்.

முதலில் அளவு. மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் பளிச்சென்ற வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைட். உறையில் இ171 என்று இருக்கும். அதில் ஒரு பகுதி 100 நானோமீட்டருக்கும் சிறிய நானோ துகள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். 2017இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் எலிகளுக்குக் குடிநீரில் கலந்து, ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 10 மில்லிகிராம் வீதம், 100 நாள் கொடுத்தார்கள். 11 எலிகளில் 4 எலிகளின் பெருங்குடலில், புற்றுநோய்க்கு முன்னால் வரக்கூடிய திசு மாற்றம் தெரிந்தது. அது புற்றுநோய் அல்ல. அப்படிச் சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டோம். ஆனால் அளவைக் கணக்குப் போடுங்கள். எலியின் அளவை மனித அளவாக்க 6.2ஆல் வகுப்பது வழக்கம். கிடைப்பது 1.6 மில்லிகிராம். அமெரிக்கக் குழந்தைகள் கிலோவுக்குத் தினம் 1 முதல் 2 மில்லிகிராம் வரை உண்பதாக 2012இல் மதிப்பிட்டார்கள். மலை எங்கே ஐயா இருக்கிறது?

அடுத்து, முடிவு மாறுகிறது என்ற வாதம். மாறுகிறது, உண்மைதான். ஏன் மாறுகிறது என்பதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. கித்தாப் பாலில், அதாவது ரப்பர் மரத்துப் பாலில், ஃபார்மிக் ஆசிட் விட்டால் என்ன ஆகிறது? ஒன்றையொன்று விலக்கி மிதந்த நுண்துளிகள் மின்னேற்றம் இழந்து கட்டியாகிவிடுகின்றன. நானோ துகளும் அப்படித்தான். உப்புக் கரைசலில் போட்டால் திரண்டுகொள்ளும். கொடுத்தது 20 நானோமீட்டர் துகள் என்று தாளில் எழுதியிருக்கும். எலியின் வயிற்றுக்குள் போனதோ அதைவிடப் பல மடங்கு பெரிய கட்டி. அதனால்தான் ஒலி அலையால் அதைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது சூடேறாமல் பாத்திரத்தை ஐஸில் வைக்க வேண்டும். ஊட்டுவதற்குச் சற்று முன் துகளின் அளவை மறுபடி அளக்க வேண்டும். கலக்காமல் வைத்தால் துகள் அடியில் படியும். முதல் எலிக்கு நீர்த்தது, கடைசி எலிக்குக் கெட்டியானது என்று ஆகிவிடும்.

ஊட்டும் குழாயிலும் பிசகு வரும். வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்துதான் அதன் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். மூச்சுக்குழலில் இறங்கினால் துகள் கலந்த கரைசல் நுரையீரலுக்குப் போகும். பிறகு பார்ப்பது விழுங்கியதன் விளைவே அல்ல. பிடித்து அழுத்திக் குழாய் விடுவதே எலிக்கு அழுத்த ஹார்மோனை ஏற்றிவிடும். ஆகவே துகள் இல்லாத அதே கரைசலை, அதே குழாயால் ஒப்பீட்டு எலிகளுக்கும் கொடுத்தாக வேண்டும்.

நடத்தைச் சோதனையில் இது இன்னும் முக்கியம். கூட்டல் குறி வடிவ மேடை, தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரம். இரண்டு கைகளுக்குச் சுவர், இரண்டு திறந்தவை. நேரம் 5 நிமிடம். பதற்றமுள்ள எலி சுவருக்குள்ளேயே பதுங்கும். ஆனால் வயிற்று வலியில் சோர்ந்த எலியும் அசையாமல் கிடக்கும்! மொத்த நடமாட்டத்தையும் எண்ணாமல் பதற்றம் என்று எழுதிவிட்டால் பிழை. நீர்த்தொட்டியில் மறைந்த மேடையைத் தேடவிடும் நினைவாற்றல் சோதனையிலும் நீந்தும் வேகத்தைத் தனியே பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யாத ஆய்வுகளை நாங்களே ஒதுக்குகிறோம்.

தீவனத்தில் கலந்து 100 நாள் கொடுத்த 2019 ஆய்வில் குடல் அழற்சியே இல்லை என்றார் எதிரணித் தலைவர். ஒன்று தீவனம், மற்றது குடிநீர். உணவின் புரதம் துகளைப் போர்த்திக்கொள்ளும். வெறும் தண்ணீரில் அந்தப் போர்வை கிடையாது. இரண்டையும் மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதம் முடிவு சொன்னது: மரபணுப் பொருளுக்குச் சேதம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆகவே இ171 உணவுக்குப் பாதுகாப்பானது என்று இனிக் கொள்ள முடியாது. 2022 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவில் இ171 சேர்க்கத் தடை முழுமையாக நடப்புக்கு வந்தது.

கடைசி வாதம், மலத்தோடு போய்விடும் என்பது. டைட்டானியத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது, ஒப்புக்கொள்கிறோம். வெள்ளி அப்படி இல்லை. 2012இல் வெளியான ஆய்வில் எலிகளுக்கு 28 நாள் நானோ வெள்ளியை வாய்வழி கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டு 8 வாரம் காத்திருந்தார்கள். பெரும்பாலான உறுப்புகளிலிருந்து வெள்ளி வெளியேறிவிட்டது. மூளையிலும் விந்தகத்திலும் மட்டும் அப்படியே தங்கியிருந்தது. துகளாகப் போனதா, கரைந்து அயனியாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுவாகப் போனதா என்று எதிரணி கேட்கலாம். பெரும்பாலும் கரைந்துதான் போயிருக்கும். எப்படிப் போனாலும் 8 வாரத்துக்குப் பிறகும் மூளையில் கிடந்த அந்த வெள்ளிக்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது, நடுவர் அவர்களே?