அம்மாவுக்கு ரத்தத்துல கிருமி, கையில ஒரு ஆய்வுத் தாள்

[காட்சி: சுங்கை சிப்புட். மழை விட்ட சாயங்காலம். செம்பனைக் குலை ஏத்தின லோரி போகுது.]

நம்ம ஊர்ல எந்த வீட்டுலயும் இது நடக்கலாம். முப்பது வருஷம் பால்மரம் சீவின அம்மா. இனிப்பு நீர், அப்புறம் கிட்னி. கழுத்துல டியூப் வச்சு டயாலிசிஸ். கால் புண்ணுக்காக ஈப்போவுல வார்டுல சேர்த்தீங்க. நாலாவது நாள் குளிர் ஜுரம் தூக்கிப் போடுது. "ரத்தத்துல கிருமி கலந்திருச்சு"ன்னு டாக்டர் சொல்றார். கொஞ்ச நேரத்துல இன்னொரு டாக்டர் ஒரு தாளோட வர்றார். புது ஆண்டிபயாடிக் ஆய்வு, சேர சம்மதமா? அண்ணன் சிங்கப்பூர்ல. அம்மா கண்ணே திறக்கல. கையெழுத்து போட வேண்டியது நீங்க.

அந்தத் தாளை இப்பவே, மனசு அமைதியா இருக்கும்போது பார்த்துடுவோம்.

[காட்சி: ரத்தம் எடுத்த பிளட் கல்ச்சர் போத்தல்கள்]

வார்டுக்கு வந்து 48 மணி நேரம் கழிச்சு வர்ற தொற்றை பொதுவா ஆஸ்பத்திரியில பிடிச்சதுன்னு எடுத்துக்குவாங்க. டியூப் வழியா ஏறியிருக்கலாம். இந்தப் போத்தல்ல கிருமி வளர்ந்து, அது எதுன்னு தெரிஞ்சு, எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது, கணிச்சுத்தான் மருந்து ஏத்துவாங்க. ஆய்வுல சேர்க்கிற நேரமும் பெரும்பாலும் அதுக்குள்ளதான். அதான் இந்த அவசரம்.

"லேப்லயே கிருமி சாகுதே, அப்புறம் எதுக்கு மனுஷன்கிட்ட சோதனை?" நியாயமான கேள்வி. ரத்தத்துல கிருமி கலந்தவங்ககிட்ட நடத்தி, 2018ல வெளிவந்த ஒரு ஆய்வைப் பாருங்க. 9 நாடு, 26 ஆஸ்பத்திரி, பக்கத்துல சிங்கப்பூரும் உண்டு. மெரோபெனம் பலமான ஆண்டிபயாடிக். ஆனா அதை அதிகமா கொடுக்கக் கொடுக்க, அதுக்கும் அடங்காத கிருமி பெருகுது. அதனால அதுக்குப் பதிலா பைபெராசிலின்-டாசோபாக்டம்ங்கிற இன்னொரு ஆண்டிபயாடிக் போதுமான்னு பார்த்தாங்க. ரெண்டுமே கேக்கும்னுதான் லேப் ரிப்போர்ட் சொன்னுச்சு. 30 நாள்ல மெரோபெனம் வாங்கின 191 பேர்ல 7 பேர் இறந்தாங்க. இன்னொரு பக்கம் 187 பேர்ல 23 பேர். ஆய்வைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க. லேப் தட்டுல செத்த கிருமி, உடம்புக்குள்ள வேற கதை காட்டுச்சு. ஒப்பிட்டுப் பார்க்காம விட்டிருந்தா, இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

[காட்சி: ரெண்டு தட்டு. ஒன்னுல பச்சரிசிச் சோறு, ஒன்னுல புழுங்கல்.]

இந்த ஒப்பீட்டுக்கு நம்ம மண்ணுலயே பழைய கதை இருக்கு. 1905, கோலாலம்பூர் மனநல விடுதி. சாப்பாட்டுல வைட்டமின் பி1 குறைஞ்சா வர்ற பெரிபெரி நோய் ஆட்டிப் படைச்ச காலம். வில்லியம் ஃபிளெட்சர்ங்கிற டாக்டர் நோயாளிகளுக்கு வரிசையா எண் போட்டார். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு தீட்டின பச்சரிசி, இன்னொரு பக்கத்துக்கு நம்ம ஆளுங்க சாப்பிடுற புழுங்கல். பச்சரிசிப் பக்கம் பலர் நோய்ல விழுந்தாங்க, உயிரும் போச்சு. புழுங்கல் காப்பாத்துச்சு. அந்த உண்மை எத்தனையோ உயிரைக் காத்தது. ஆனா அந்த மனுஷங்ககிட்ட ஒருத்தரும் சம்மதம் கேக்கல. அதை நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு கனக்குது. இன்னிக்கு உங்க கையில இருக்கிற தாள் அன்னிக்கு அவங்களுக்குக் கிடைக்காத தாள்.

இன்னிக்கு ஆய்வுல யாருக்கு எந்த மருந்துன்னு டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார், குலுக்கல் மாதிரிதான் விழும். அவரே எடுத்துக் கொடுத்தா, முடியாதவங்களுக்கெல்லாம் புதுசைப் போட்டுடுவார், ஒப்பீடு கெட்டுப்போகும். அதுக்காக யாரையும் வெறும் தண்ணி ஏத்தி விட்டுட மாட்டாங்க. புது மருந்து கிடைக்காதவங்களுக்கு இப்போ வழக்கத்துல இருக்கிற நல்ல மருந்து கிடைக்கும்.

இன்னொன்னு. புதுசுன்னா பழசை அடிச்சுத் தள்ளணும்னு இல்ல. 2023ல வெளிவந்த ஆய்வுல, ரத்தத்துல கலந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற கிருமிக்கு, செஃப்டோபிப்ரோல்ங்கிற புது மருந்தை வழக்கத்துல இருக்கிற டாப்டோமைசினோட ஒப்பிட்டாங்க. தேறினவங்க 100க்கு கிட்டத்தட்ட 70, 69. சமம்தான். ஆனா ஒன்னு வேலை செய்யாத நாள்ல கையில இன்னொன்னு இருக்கும். 2024 ஏப்ரல்ல அமெரிக்கா செஃப்டோபிப்ரோலுக்கு அனுமதி கொடுத்துச்சு.

[காட்சி: மறுபடி அந்தத் தாள், பேனா]

கேளுங்க, தயங்காதீங்க. எதிர்ப்பக்கம் எந்த மருந்து? நடுவுல விலகினா வழக்கமான வைத்தியம் தொடருமா? அம்மா கண் முழிச்சதும் அவங்ககிட்டயும் சம்மதம் கேப்பீங்களா? கேக்கணும், அது அவங்க உடம்பு. எழுதப் படிக்கத் தெரியாம ரேகை வைக்கிறவங்கன்னா, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் கூட உக்காந்து, தாள் முழுசும் வாசிச்சுக் காட்டுறதைப் பார்த்து, அவரும் கையெழுத்து போடணும்.