மேட்டில் நிற்கும், ஒர்க்‌ஷாப்பில் ஓடும்: டீசல் வண்டியில் வந்து வந்து போகிற கோளாறு

(காட்சி: மூடுபனி. பர்லியாறு தாண்டி ஓரம் கட்டிய பிக்கப். பானெட் திறந்திருக்கிறது.)

மேட்டுப்பாளையத்துல லோடு ஏத்திட்டு குன்னூர் ஏறுறீங்க. பர்லியாறு தாண்டினதும் இன்ஜின் ஆஃப். அரை மணி நேரம் கழிச்சு சாவி போட்டா ஸ்டார்ட் ஆகி, ஊட்டி வரைக்கும் ஒழுங்கா வருது. ஒர்க்‌ஷாப்ல விட்டா ஒண்ணுமே காட்டாது. இந்த மாதிரி வண்டிக்குத்தான் பம்ப், இன்ஜெக்டர்னு ஒவ்வொண்ணா மாத்திக் காசு கரையும். ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி டிரைவர்கிட்ட ஒண்ணு கேளுங்க: ஆஃப் ஆன அந்த நொடியில மீட்டர் போர்டு எப்படி இருந்துச்சு?

விளக்கு மொத்தமும் அணைஞ்சிருந்தா பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச் பக்கம் போங்க. விளக்கு எரியுது, வண்டி கியர்ல உருண்டுட்டே இருக்கு, ஆர்பிஎம் முள் மட்டும் பட்டுனு பூஜ்யத்துக்கு விழுந்துச்சுன்னா இன்ஜின் சுத்துற வேகத்தை வண்டி கம்ப்யூட்டருக்குச் சொல்ற கிராங்க் சென்சார் மேல சந்தேகம் வரணும். இழுவை குறைஞ்சு, திணறித் திணறி நின்னா பெரும்பாலும் டீசல் லைன்.

எதுவா இருந்தாலும் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற வழியை, முதல்ல பார்த்துடுங்க.

(காட்சி: இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை, மிக அருகில்.)

மேலே பார்த்தா நல்லாத்தான் தெரியுது. போல்ட்டைக் கழட்டிப் பாருங்க: பட்டை முனையில இருக்கிற லக்குக்கு அடியில பச்சைத் தூள், பின்னல்ல பாதி இழை அறுந்து நிக்குது. இதை ஓம்ஸ்ல வெச்சு அளந்தா மீட்டர் பூஜ்யம்னுதான் காட்டும். டீசல் வண்டியோட செல்ஃப் மோட்டார் 250 ஆம்பியர் இழுக்கிற நேரத்துல, 0.002 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் அங்கேயே போயிடும். சாதாரண மீட்டரால அந்த 0.002-ஐப் படிக்க முடியாது. அதனால வோல்ட்ல அளங்க. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். சிவப்பு முனை இன்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத இரும்புல, கருப்பு முனை பேட்டரி மைனஸ்ல. ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. 0.5 வந்தா பட்டையை மாத்துங்க, உட்காருற இடத்தை இரும்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும் தேய்ங்க. அதே கையோட இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8-லருந்து 14.5 வரைக்கும் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

பழுதான கிராங்க் சென்சார் சூடானா உள்ளே லைன் அறுந்து, ஆறினா சேரும். அரை மணி நேரக் கதையோட ரகசியம் பல சமயம் இதுதான். ரெண்டு ஒயர் சென்சார்னா குளிர்ல ஓம்ஸ் எடுத்து, ஹேர் டிரையரால சூடு காட்டி மறுபடி எடுங்க. திடீர்னு அறுந்த லைன் மாதிரி காட்டினா தூக்கிப் போடலாம். மூணு ஒயர் ஹால் சென்சாருக்கு உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கு, அதை ஓம்ஸ்ல அளக்காதீங்க, வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர்தான் அதுக்கு.

மூடுபனி நாள்ல மட்டும் வர்ற கோளாறு பெரும்பாலும் ஒயர்களை இணைக்கிற கப்ளர்ல இருக்கும். இன்ஜினை ஐடில்ல விட்டு, ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாம, ஹார்னஸை (ஒயர்க் கட்டை) அடி அடியா ஆட்டிப் பாருங்க. அப்புறம் கப்ளர் மேல செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயரால லேசா தண்ணி தூவுங்க. இன்ஜின் தடுமாறுற இடத்துல கப்ளரைப் பிரிச்சா பின்னுல பச்சை பூத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா பூச்சு போயிடும். எலி கடிச்ச ஒயரும் மலையில சகஜம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாடி பாருங்க.

டீசல் பக்கம் வருவோம். டேங்க் கால்வாசி இருக்கும்போது மேட்டுல மட்டும் திணறுதா? காத்து இழுக்குது. இன்ஜின் பக்கப் பம்ப்பே டீசலை உறிஞ்சுற வண்டியில, அந்தக் குழாய்ல விரிசல் விட்டா ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காத்து உள்ளே போகும். அதனாலதான் கண்ணுக்குச் சிக்காது. ஃபில்டருக்கு அப்புறம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியுற ஹோஸ் ஒரு அடி போட்டு ஓட்டுங்க, தொடர்ந்து குமிழ் வந்தா குழாய், கிளாம்ப், ஃபில்டர் வாஷர் எல்லாத்தையும் பாருங்க. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் குழாய்ல இருந்து டீசல் போற காமன் ரெயில் வண்டியில, அந்த ஹை பிரஷர் பைப்பை மட்டும் ஓடும்போது தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும்.

பழைய ஜீப், மெக்கானிக்கல் பம்ப், கரண்ட் இருக்கிற வரைக்கும் மட்டும் டீசலை விடுற ஸ்டாப் சாலினாய்டு வெச்சதா இருந்தா இன்னும் சுலபம். சாலினாய்டு ஒயர்ல இருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஒரு லைன் எடுத்து, டேஷ்போர்டுல சின்ன 12 வோல்ட் பல்பு மாட்டுங்க. கல்லட்டி 36 வளைவும் ஏத்துங்க. இன்ஜின் நிக்கிற நொடியில பல்பும் அணைஞ்சா ஒயரிங். பல்பு எரிஞ்சுட்டே இருந்தா டீசல் லைன், இல்லேன்னா சாலினாய்டே.