ஃபெர்மா நம்பிய எண்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணைச் சொல்கிறேன், எழுதுங்கள்: 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் இது வரும்.

இரண்டின் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவதுதான் நம் எண். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1640இல் நம்பினார். நிரூபணம் கைகூடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

1732இல், 25 வயது கணித மேதை ஆய்லர் நம் எண்ணை 641ஆல் வகுத்தார். ஈவு 6700417. மீதி இல்லை!

கண்ணைக் கட்டிக்கொண்டு தேடியதில்லை இது. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் பிற்பாடு நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே பூட்டு திறந்துவிடுகிறது.

வகுக்காமலே இதைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 641 என்பது 5 × 128 + 1. அதே 641தான் 625 + 16. சரி, 641ஆல் வகுக்கும்போது 640ஐ −1 என்று கொள்ளலாம். 640 என்றால் ஐந்து பெருக்கல் இரண்டின் 7ஆம் அடுக்கு. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், −1 என்பது 1 ஆகிவிடும். ஆக, 625 பெருக்கல் இரண்டின் 28ஆம் அடுக்குக்கு மீதி 1. ஆனால் 625 என்பது 641இல் 16 குறைவு, அதாவது −16. பதினாறோ இரண்டின் 4ஆம் அடுக்கு. 28ம் 4ம் சேர்ந்து 32. இரண்டின் 32ஆம் அடுக்கு −1க்குச் சமம் என்று வந்துவிட்டது. அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், பூஜ்யம்.

பகா எண்ணைச் சோதிக்க ஃபெர்மாவே கண்ட தேற்றம் ஒன்று உண்டு: ஒரு பகா எண்ணைவிடச் சிறிய எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்து வரும் அடுக்குக்கு உயர்த்தி, பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இரண்டை வைத்து அதன்படி சோதித்தால் நம் எண் தேறிவிடுகிறது. மூன்றை வைத்துச் சோதித்திருந்தால் அப்போதே மாட்டியிருக்கும்.

இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. 65536இன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினாலும் இதே எண், 62264, 20449 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண். பகா எண்ணாக இருந்தால் இப்படி இரண்டு வழி இருக்கவே முடியாது.

அப்புறம், இதிலிருந்து 2 கழித்துப் பாருங்கள். 4294967295. இது முன்னால் சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று தெரிந்த ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ளவற்றுள் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். இதைவிடப் பெரியது வேண்டுமென்றால் ஃபெர்மாவின் வரிசையில் புதிதாக ஒரு பகா எண் கிடைக்க வேண்டும். நம் எண்ணில் தொடங்கித் தொடர்ந்து 28 எண்கள் பகா எண்கள் அல்ல என்று உறுதியாகிவிட்டது. 29ஆவது எப்படிப்பட்டது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.