பட்டன் போட்டால் பாடும், தேர் நின்றால் நிற்குமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோயில் வாசலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, வணக்கம். ‘ஊர்த் திருவிழா களைகட்டுவது உள்ளூர்க் கலைஞர்கள் நேரில் வாசிக்கும் இசையாலா, வெளியூர் இன்னிசைக் குழுவாலும் ஒலிபெருக்கியாலுமா?’ இதுதான் தலைப்பு. நான் உள்ளூர்க்காரர் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கணக்குச் சொன்னார். மேளம் வைத்தால் நாலு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டிக் கூலி. ஸ்பீக்கருக்குக் கரண்ட் மட்டும்தானாம். சரி, அந்தக் கணக்குப்படி நடந்த ஒரு கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். ஐயர் விரலை ஆட்டினார். மாப்பிள்ளை கையில் தாலி. போனை வைத்திருந்த பையன் ‘கெட்டிமேளம்’ என்று தேடி அழுத்தினான். வந்தது சிமெண்ட் விளம்பரம். ஐந்து விநாடி கழித்துத்தான் அதைத் தள்ள முடியுமாம். மூன்று முடிச்சும் சிமெண்ட் உறுதியோடு விழுந்தது!

தவில்காரர் வெற்றிலை போடுவார், பக்கத்து ஆளோடு வம்பு பேசுவார், ஆனால் ஒரு கண் ஐயர் மேலேயே இருக்கும். விரல் அசைந்த கணமே கை தவிலில் விழுந்துவிடும்.

தேருக்கு வாருங்கள். சாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, அதாவது சாமி புறப்பாட்டுக்கென்றே நாயனத்தில் வாசிக்கும் இசை. வடக்கு வீதி முனையில் தேர் திரும்பாமல் நின்றுவிடுகிறது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்துகிறார்கள், வடம் பிடித்தவர்கள் மோர் குடிக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிறது. நாயனக்காரர் என்ன செய்வார்? ராகத்தை நீட்டிக்கொண்டே இருப்பார். சக்கரம் அசைந்ததும் தவிலின் நடை மாறும், அதைக் கேட்டு வடம் பிடித்தவர்களுக்கு வேகம் வரும். பதிவு செய்த பாட்டுக்குத் தேர் நின்றது எப்படித் தெரியும்? நாலரை நிமிஷத்தில் முடிந்து அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

‘உள்ளூரில் என்ன பெரிய வித்வான் இருக்கிறார்?’ என்று இன்னொரு நண்பர் கேட்டார். ஐயா, நீங்கள் நின்று பேசுவது எந்த மண்? ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைந்து நாகஸ்வரம் செய்கிற ஊர். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியிடம் சொல்லித்தான் நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, ‘சுத்த மத்தியமம்’ என்கிற ‘ம’ ஸ்வரம் சுத்தமாகப் பேசும் பாரி நாயனத்தை, அதாவது நீளமான நாகஸ்வரத்தை, செய்ய வைத்தார். 1956இல் மறைந்த அந்த மேதை வாசித்த தோடி ராகத்தைப் பற்றி இன்றைக்கும் திண்ணையில் பேசுகிறார்கள். அவரும் எங்கோ ஒரு ஊருக்கு ‘உள்ளூர்க்காரர்’தானே?

நம் தெரு நாயனக்காரர் வாசிக்க உட்காரும்போது கவனியுங்கள். நாயனத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில், அதாவது வாய் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஈரப்படுத்துவார். ‘பீ’ என்று ஊதிப் பார்ப்பார். முகத்தைச் சுளித்து அடுத்ததை எடுப்பார். சுற்றிப் பத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்கும். அதில் ஒரு பொடியன் போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டான். இந்த வருஷம் தவிலுக்கு வார் இழுத்துக் கட்டுகிறான். ஸ்பீக்கர் பெட்டியைச் சுற்றி எந்தப் பிள்ளை நின்று என்ன கற்றுக்கொள்ளும்? காதைத்தான் பொத்திக்கொள்ளும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இளவட்டங்கள் ஆட்டம் போட இன்னிசைக் குழு வேண்டும்தான், வரட்டும். ஆனால் வெளியூர்க் குழுவுக்கு முழுத் தொகையை முன்கூட்டியே எண்ணி வைக்கிறோம். நம் மேளக்காரரிடம் ‘நம்ம ஆளுதானே’ என்று பேசிய தொகையில் ஐந்நூறைக் குறைத்து, கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறோம். அப்புறம் அவர் பிள்ளை ஏன் தவிலை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினான் என்று கேட்கிறோம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு செய்தி. எதிரணித் தலைவர் வீட்டில் தை மாதம் கல்யாணம். நேற்று சாயங்காலம் எங்கள் தெருக்கோடி நாயனக்காரர் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். நானே பார்த்தேன். அவர் மறுக்கட்டும், உட்கார்ந்துவிடுகிறேன்.