வெறும் நகல்னு நெனச்சு கடந்து போயிடாதீங்க: மூங்க் பிரிண்ட்ஸ் பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். குடுத்த நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

2019-ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல எட்வர்ட் மூங்க் எக்ஸிபிஷன் நடந்துச்சு, 'லவ் அண்ட் ஆங்ஸ்ட்'னு பேரு. கன்னத்துல கைய வச்சுக்கிட்டு ஒரு உருவம் நிக்குமே, 'ஸ்க்ரீம்', அத வரைஞ்ச நார்வேக்காரர்தான். ஆனா அங்க முக்கியமா மாட்டியிருந்தது பெயிண்டிங் இல்ல, பிரிண்ட்ஸ், அதாவது கல்லுலயோ மரக்கட்டையிலயோ படத்த உண்டாக்கி, மை தடவி, தாள்ல அழுத்தி எடுக்கற அச்சுப் படங்க. பிரிண்ட்னு சொன்னாலே நம்மாளுங்க "ஓ, காப்பியா"ன்னு உதட்டப் பிதுக்குவாங்க, அதுக்குத்தான் இன்னைக்கு சண்டை போட வந்திருக்கேன்.

1892-ல பெர்லின்ல இவரோட கண்காட்சிய ஒரே வாரத்துல இழுத்து மூடிட்டாங்க, அந்த ரகளையிலயே ஆள் ஃபேமஸ் ஆயிட்டார், அது தனிக்கதை. அதே ஊர்ல 1894-ல பிரிண்ட் போட ஆரம்பிக்கறார். அடுத்த வருஷம் ஸ்க்ரீம லித்தோகிராஃபா, அதாவது கல்லச்சுல போடறார். ரத்தச் சிவப்பு வானமெல்லாம் போச்சு, வெறும் கறுப்புக் கோடுங்கதான், ஆனா எனக்கென்னவோ அதுலதான் அலறல் ஜாஸ்தியா கேக்குது.

அவரோட அக்கா சோஃபி 1877-ல டிபி வந்து 15 வயசுல செத்துப் போனாங்க. அந்த நெனப்புல வரைஞ்ச 'நோயாளிக் குழந்தை'ய 1896-ல பாரிஸ்ல கல்லச்சுக்குக் கொண்டு வந்தப்ப, ரூம், கட்டில், பக்கத்துல அழற பொம்பள எல்லாத்தையும் தூக்கிட்டு தலையணையில சாஞ்ச முகத்த மட்டும் வச்சுக்கிட்டார். அத கலர் மாத்தி மாத்தி அடிச்சார். சிவப்புல பாத்தா காய்ச்சல் கொதிக்குது, சாம்பல் கலர்ல பாத்தா உயிர் பாதி போயிடுச்சு. இதுல எது காப்பி, எது ஒரிஜினல், நீங்களே சொல்லுங்க.

மரக்கட்டைல பண்ணதுதான் அசல் வித்தை. வழக்கமா கலர் வுட்கட்னா ஒவ்வொரு கலருக்கும் ஒரு கட்டை செதுக்கி, தாள் நகராம ஒண்ணு மேல ஒண்ணா அடிக்கணும். இவர் என்ன பண்ணார்னா கட்டையையே ரம்பத்தால துண்டு துண்டா அறுத்து, துண்டுக்கு ஒரு மை தடவி, திரும்ப சேத்து வச்சு ஒரே அழுத்தா அழுத்திட்டார். 1899-ல பண்ண 'தனித்தவர்கள்' பாருங்க, கடலப் பாத்து ஒரு ஆணும் பொண்ணும் முதுகு காட்டி நிக்கறாங்க, பொண்ணு மட்டும் தனித் துண்டு, ஆண் கரையோட ஒட்டுன துண்டு. ரம்பம் போன தடம் அவளச் சுத்தி வெள்ளைக் கோடா நிக்குது, கிட்ட இருந்தும் ஒட்டாத ரெண்டு பேர இதவிட எப்படிக் காட்டறது? பிரஷ்ஷால இது வராதுங்க.

செத்தது 1944-ல. கையில இருந்த படமெல்லாம் ஒஸ்லோ நகரத்துக்கு எழுதி வச்சிட்டார், பிரிண்ட்ஸ் மட்டுமே சுமார் 18,000. 2021-ல திறந்த புது மூங்க் மியூசியத்துல ஸ்க்ரீம் மூணு வடிவம் இருக்கு, பெயிண்டிங், டிராயிங், லித்தோகிராஃப். வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிடும்னு ஒரு நேரத்துக்கு ஒண்ணத்தான் காட்டறாங்க. நீங்க போற நேரம் லித்தோகிராஃப காட்டற நேரமா இருந்தா, சே பெயிண்டிங் இல்லையேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க.