சீதம்

நேயர்களுக்கு வணக்கம். "வயிறு சரியில்லை, சீதம் போகுது" என்று நம் வீடுகளில் சொல்வோம் இல்லையா? அந்தச் சீதத்தைப் பற்றித்தான் புதுச்சேரி வானொலியில் இன்று பேசப் போகிறேன். முப்பது வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவள் நான். எனக்கு இதன் மேல் தீராத பிரியம்.

முதலில் ஒரு விரால் மீன் கதை. கடலூர்ப் பக்கம் பெருமாள் ஏரி இருக்கிறதே, அங்கிருந்து எங்கள் மாமா விராலை உயிரோடு கொண்டுவருவார். விரால் கையில் நிற்காது, வழுக்கும். அத்தை கல்லுப்பும் சாம்பலும் போட்டு அம்மியோரம் தேய்த்துத் தேய்த்துத்தான் கழுவுவார். எனக்கு அப்போது எட்டு வயது. கிணற்றடித் தொட்டியில் விட்டிருந்த இரண்டு விராலில் ஒன்றைப் பிடித்து விளையாட ஆசை. அத்தை செய்த மாதிரியே சாம்பலைத் தேய்த்து வழவழப்பை எடுத்துவிட்டு, மறுபடி தொட்டியில் விட்டேன். நாலைந்து நாளில் அதன் உடம்பில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. அப்புறம் புண். பக்கத்தில் இருந்த மற்ற மீனுக்கு ஒன்றுமே இல்லை. மாமா என்னைத் திட்டவில்லை. "அழுக்குன்னு நெனச்சியாம்மா? அதுதான் அதுக்கு மேல்தோல்" என்றார்.

அந்த வழவழப்பான மேல்தோல் நம் குடலுக்குள்ளும் இருக்கிறது. அதுதான் சீதம். மியூசின் என்ற புரதங்களால் ஆனது. மனிதரில் மியூசின் மரபணுக்கள் ஒரு குடும்பம், ஏறத்தாழ 20 பேர். இரைப்பைக்கு ஒருவர், மூச்சுக்குழாய்க்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெருங்குடலைப் பார்த்துக்கொள்வது மியூசின் 2. அதன் எடையில் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலிகள்தான். குடல் சுவரில் உள்ள செல்கள் அதைச் சுருட்டி வைத்திருந்து வெளியே விடும். விட்டவுடன் தண்ணீரை இழுத்துப் பல நூறு மடங்கு உப்பும். சர்பத்தில் போட்ட சப்ஜா விதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடலில் இந்தச் சீதம் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு தளர்வானது. பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. உள் அடுக்கு இறுக்கமானது. அதில் பாக்டீரியா கிடையாது. எலிகளிடம் இதை 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மறுபடி சொல்கிறேன்: கோடானுகோடி கிருமிகளுக்கும் நம் சதைக்கும் நடுவே இருப்பது இந்த வழவழப்புத்தான். மியூசின் 2 இல்லாத எலிகளுக்கு, யாரும் எதுவும் செய்யாமலே பெருங்குடல் அழன்று புண்ணாகிவிடுகிறது. 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்ற அழற்சி நோய் உள்ளவர்களிடமும் உள் அடுக்கில் கிருமிகள் நுழைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சீதமும் ரத்தமும் வாரக்கணக்கில் போகும். மூலம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீதபேதி அமீபா இருக்கிறதே, அது ஒரு நொதியை விட்டு மியூசின் 2ஐ வெட்டித்தான் உள்ளே வழி பண்ணுகிறது. பாருங்கள், சீதம் வெளியே வந்த பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. அதனால் அதையே நோய் என்று நினைத்துவிட்டோம். என் விராலுக்கு நான் செய்ததும் அதுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நார்ச்சத்து இல்லாமல் தீனி போட்ட எலிகளில், பசித்த பாக்டீரியாக்கள் சீதத்தின் சர்க்கரையையே தின்று அடுக்கை மெலிய வைத்தன. இது 2016இல் வெளியான ஆய்வு. கீரைத்தண்டு, கம்பங்கூழ், அவரை எல்லாம் நம் குடல் பாக்டீரியாக்களுக்கும் சேர்த்துத்தான் நாம் சாப்பிடுகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சீதத்தைத் தாண்டி வரும் கிருமியை அடையாளம் காணும் நாட் 2 என்ற மரபணுவைப் பற்றியும் எழுதி வந்திருந்தேன். அதன் சில மாற்றங்களுக்கும் 'கிரோன்' என்ற குடல் அழற்சிக்கும் உள்ள தொடர்பு 2001இல் தெரியவந்தது. ஐரோப்பியரிடம் காணும் அந்த மாற்றங்கள் இந்தியரிடம் அரிது, ஆனாலும் இங்கே அந்த நோய் இருக்கிறது. மீதியை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.